ரந்தாவ் தோட்டத்தில் ஒரு புட்டி வெள்ளைப் பொடி

கோலாலம்பூர் விமான நிலையத்தில் முதலில் பிடிபட்டது ஓர் எலுமிச்சம்பழம். நான் வைத்ததல்ல. கோயம்புத்தூரில் பெட்டியை மூடும் முன் எங்கள் முதலாளி மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எனக்குத் தெரியாமல் ஓர் எலுமிச்சையையும் உள்ளே செருகியிருக்கிறார். வெளிநாட்டுக் காய், பழம், செடி எதுவும் அனுமதியில்லாமல் உள்ளே வந்துவிடாதபடி பார்ப்பதற்கென்றே அங்கே ஓர் அதிகாரி நிற்கிறார். சின்னப் பெண்தான். பழத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மெஷின் எதற்கு என்று கேட்டார். காற்றில் யாராவது நோய்க்கிருமியைக் கலந்துவிட்டால் கண்டுபிடிக்கும் என்றேன். "எலுமிச்சையைக் கண்டுபிடிக்காதா?" என்று கேட்டுவிட்டு, பழத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பக்கத்திலேயே இருந்த புட்டியை, அதற்குரிய காகிதங்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அது சோதனைப் பொடி. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைச் சாகடித்து, உலர்த்தி, மாவு கலந்து நைசாக அரைத்தது. சாம்பல் கலந்த வெள்ளை நிறம். உண்மையான கிருமியைத் தூவிப் பார்க்க முடியாதல்லவா, அதற்குப் பதிலாக இதைத் தூவி மெஷின் முழித்துக்கொள்கிறதா என்று பார்ப்போம். தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். தின்று பார்த்தவர் யாரும் அதுவரை இல்லை.

எங்கள் தொழிலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிரியல் பயங்கரவாதத்தைக் கண்டுபிடிக்கும் கருவி என்று சொன்னால் பெரிய ராணுவ வளாகம் என்று நினைப்பீர்கள். சிங்காநல்லூரில் ஒரு கிரைண்டர் பட்டறைக்கு மாடியில் இருக்கிறோம். முதலாளி கூட்டங்களில் காட்டும் படத்தில் சந்தைக் கோடு எப்போதும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். உண்மையில் அந்தக் கோடு ஜனங்களின் பயத்தோடு ஏறி, மறதியோடு இறங்கும். கொள்ளைநோய்க் காலத்தில் எங்கள் ஃபோன் ஓயவில்லை. இப்போது அதே ஆட்கள், பழைய மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார்கள். தொழில்நுட்பம் என்னவோ வருடா வருடம் சின்னதாகிறது, மலிவாகிறது. முன்பு ஓர் அறை முழுக்க இருந்த ஆய்வுக்கூடம் இப்போது ஒரு டிபன் கேரியர் அளவுதான். வாங்கத்தான் ஆள் இல்லை.

கிளம்புகிற அன்று முதலாளி வாசல் வரை வந்தார். "ஏனுங்க அம்மிணி, இந்த ஆர்டர் வந்தாத்தான் மாடியில லைட் எரியும். இல்லைனா எல்லாரும் வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்" என்றார். ஐம்பதைத் தாண்டிய என்னை எந்த இடம் பார்க்கும்? விமானத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆர்டர் தருவதாக இருந்தவர் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவ் பக்கம் ஒரு தோட்டத்தின் மேனேஜர், என்சிக் ரசாலி. என்சிக் என்றால் மலாயில் திருவாளர். அவர் மேற்பார்வையில் அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் பல. பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, இடையிடையே ரப்பர் காடு. தென் அமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கி மரத்தையே மொட்டையாக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. இந்தப் பக்கம் அது இன்னும் வரவில்லை. அதன் வித்துத் தூளை யாராவது சட்டைக் கையில் மடித்துக் கொண்டுவந்து உதறினால் போதும், ஒரு நாட்டின் ரப்பரையே கெடுக்கலாம் என்பது ரப்பர்க்காரர்களின் பழைய பயம். எங்கள் சந்தைக்கு அந்தப் பயம்தான் மூலதனம்.

என்னை அழைத்துப் போக வந்தவர் புஷ்பா. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். பள்ளி விடுமுறையாதலால் மேனேஜர் அவரை எனக்கு அமர்த்தியிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் ஏறி, வேன் கதவை இழுத்தேன். வரவில்லை.

"மேடம், அந்தக் கதவ நீங்க சாத்தாதீங்க. ஒரு திருப்பத்துல அதுவே சாத்திக்கும் லா" என்றார்.

அதேபோல ஒரு திருப்பத்தில் டமாரென்று சாத்திக்கொண்டது. அடுத்த திருப்பத்தில் திறந்துகொண்டது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஆடி ஆடிப் போனது. அதிலிருந்து ஒரு குலை உருண்டு சாலையில் விழ, புஷ்பா பிரேக்கை மிதித்தார், மெஷின் பெட்டி என் மடிக்கு வந்தது. அதோடு வேன் சூடாகி நின்றுவிட்டது. சாலையோர டயர் கடையிலிருந்து ஒரு சீனர் வாளியில் தண்ணீரோடு வந்து, "கொஞ்சம் பொறு தங்கச்சி, ஆறட்டும்" என்று என்னிடம் சுத்தமான தமிழில் சொன்னார். கோயம்புத்தூரில் நான் குடியிருக்கும் மாடியில் பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

"பசியாறிட்டீங்களா?" என்றார் புஷ்பா. பசியாறுவது என்றால் இங்கே காலைப் பலகாரம். வேன் ஆறும்வரை எதிர்க்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நம் பரோட்டாவுக்குத் தங்கை. நம் ஊரில் சால்னாவில் முக்கி அடிப்போம், இங்கே பருப்புக் குழம்பில் நனைத்து நிதானமாக உண்கிறார்கள். மெஷின் எதற்கு என்று புஷ்பா கேட்டார். விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "வீட்டுக்காரர் குடிச்சிருக்காரான்னு காட்டுமா?" என்றார். காட்டாது என்றேன். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

தோட்டத்தில் எங்களை எதிர்கொண்டவர் சவரிமுத்து, பாதுகாப்பு அதிகாரி. "இது வரைக்கும் பாம்பு, குளவி, மரம் விழுறது, இதான் மேடம் நம்ம சேஃப்டி. இப்ப கிருமியும் சேர்ந்துருச்சு" என்றார், ஏதோ பதவி உயர்வு கிடைத்ததுபோல. மெஷினை அலுவலகத்து முன் வைக்கலாம் என்றேன். என்சிக் ரசாலி தலையாட்டவில்லை. ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுபவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இங்கே வைத்தால் கோழி மட்டும்தான் வரும். மாரியம்மன் கோயில் வாசலில் வையுங்கள். நாளை மறுநாள் திருவிழா. பினாங்கிலிருந்து ஜொகூர் வரை இருக்கிற பழைய தோட்டத்து ஜனமெல்லாம் வரும். வெளியிலிருந்து எதுவும் வந்தால் அன்றைக்குத்தான் வரும்."

நிபந்தனையையும் அப்போதே சொன்னார். என் புட்டியை வாங்கிக்கொண்டார். மூன்று நாளில் ஏதோ ஒரு நேரம், எனக்குச் சொல்லாமல், யாரையாவது விட்டு அந்தப் பொடியை மெஷின் அருகே தூவச் செய்வார். மெஷின் கண்டுபிடித்தால் எல்லாத் தோட்டத்துக்கும் ஆர்டர். ஒன்றுமில்லாததற்கு ஊரைக் கூட்டினால் எனக்கு டாட்டா.

மெஷினில் இரண்டு விளக்கு. காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியின் மேல் ஊதா வெளிச்சம் அடிக்கும். உயிர்ப்பொருளின் பொடி அந்த வெளிச்சத்தில் மினுங்கும். மினுங்கினால் மணி அடித்து மஞ்சள் விளக்கு எரியும்: ஏதோ இருக்கிறது. பிறகு உள்ளே ஒரு சின்னச் சோதனை தானே நடந்து, தேடிய பொருள்தான், இங்கே என் சோதனைப் பொடிதான், என்று உறுதியானால் சிவப்பு விளக்கு. மஞ்சள் சந்தேகப்படும், சிவப்பு சத்தியம் செய்யும். இப்படித்தான் கூட்டங்களில் சொல்வேன்.

மறுநாள் காலை குளித்துக்கொண்டிருந்தபோதே மணிச் சத்தம் கேட்டது. ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓடினேன். முந்தின மாலை நான் பொருத்திய கம்பத்தில் என் வெள்ளை மெஷின், கழுத்தில் மாலையும் உடம்பெல்லாம் மஞ்சளும் நெற்றியில் குங்குமமுமாக நின்று அலறிக்கொண்டிருந்தது. மஞ்சள் விளக்கு. கீழே பூசாரி முனியாண்டி, கையில் மஞ்சள்தூள் தட்டோடு, பரவசமாக.

"புது லோரி வந்தாலும் புது மோட்டார் வந்தாலும் ஆத்தாவுக்குக் காட்டாம ஓட்ட மாட்டோம்மா. இது மட்டும் அநாதையா நிக்கலாமா?" என்றார். வாரத்தில் ஆறு நாள் செம்பனை லோரி ஓட்டுபவர் அவர். "பாருங்க, மஞ்சத்தூள் பட்டதும் எப்படி மணி அடிக்குது. ஏத்துக்கிச்சு."

மஞ்சள் அந்த ஊதா வெளிச்சத்தில் தீபாவளி மத்தாப்பு மாதிரி மினுங்கும். அது எனக்குத் தெரியும். மெஷின் தமிழர்கள் நடுவே நிற்கப்போகிறது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க முதலாளியின் படத்தில் இடமில்லை. அவரே சந்தனத்தோடு நிறுத்திக்கொண்டது எங்கள் அதிர்ஷ்டம்.

என்சிக் ரசாலி வந்தார், மாலையைப் பார்த்தார், சிரிக்கவில்லை. "ஒரு தடவைதானே, தாக் அப்பா," என்றார். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். "இன்னொரு தடவை சும்மா அடித்தால் மேடம் ஊருக்குக் கிளம்பலாம்." மறுநாள் திருவிழா, அதிலும் மாரியம்மன் திருவிழா. மஞ்சள் நீராட்டு, மஞ்சள் சேலை, மஞ்சள் காப்பு.

முனியாண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன், ஆர்டர் போனால் எங்கள் கம்பெனியே மூடும் என்பதையும் சேர்த்து. அம்மன் கோயிலில் மஞ்சள் வேண்டாம் என்று கேட்க வாய் கூசியது. அவர் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டார். "மஞ்சள் இல்லாம முடியாதும்மா. ஆனா தூளா வேணாம். லயத்து வீடுங்களுக்குப் பின்னால டிரம்முல கரைச்சுத் தண்ணியாத் தூக்கிட்டு வர்றோம். தண்ணி பறக்காதுல்ல? உங்க வேலையும் நடக்கணும், ஆத்தா வேலையும் நடக்கணும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

அன்று மத்தியானம் புஷ்பா என்னைத் தேற்றுவதற்காகப் பக்கத்து ஊரான ரெம்பாவ் வரை அழைத்துப் போனார். வழியெல்லாம் கூரை முனைகள் கொம்புபோல் வளைந்த வீடுகள். வேன் கதவு இரண்டு முறை திறந்தது. ஒரு மலாய்க் கடையில் கோழி மாசாக் லெமாக் வந்தது. தேங்காய்ப் பாலில் காந்தாரி மிளகாய் அரைத்த குழம்பு, பளீரென்று மஞ்சள் நிறம். இதிலும் மஞ்சளா என்றேன். "மஞ்சள் போடாம எந்த நாட்டுல மேடம் சோறு ஆக்குறாங்க? உங்க மெஷின அந்த நாட்டுல போய் வில்லுங்க" என்றார். நாக்கு எரிய எரியத் தின்றேன். பக்கத்து மேசையில் இருந்தவரும் மெஷினைப் பற்றி விசாரித்தார். அவருக்கு வேண்டியது செம்பனைக் குருத்தைத் தின்னும் காட்டுப்பன்றியைக் காட்டும் மெஷின். அவர் மனைவிக்கு, எந்தத் துரியான் உள்ளே பழுத்திருக்கிறது என்று சொல்லும் மெஷின். சந்தை இருக்கத்தான் செய்கிறது, எங்கள் சரக்குக்கு இல்லை.

திருவிழாவன்று விடிந்ததிலிருந்து கார்கள் வந்தபடி இருந்தன. உறுமி மேளம் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பால்குடம், காவடி, செல்பி. நம் ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கிதான் அம்மனை விடப் பெரியது. இங்கே ஒலிபெருக்கியில், "டபிள் பார்க்கிங் போட்ட வெள்ளை காடிக்காரர் உடனே வரவும்" என்பதுதான் அதிகம் கேட்டது. சவரிமுத்து வேதக்காரர், ஆனால் பொங்கல் பானையைத் தூக்குவதும் அவர்தான், பந்தி விசாரிப்பதும் அவர்தான். மஞ்சள் தண்ணீர், சொன்னபடி, தண்ணீராகவே வந்தது. மஞ்சள் சொட்டச் சொட்ட ஜனங்கள் மெஷினைத் தாண்டிப் போனார்கள். மெஷின் வாயே திறக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது.

தீபாராதனை முடிந்தது. முனியாண்டி விபூதித் தட்டோடு வாசலுக்கு வந்து, மெஷின் கம்பத்தடியிலேயே நின்றுகொண்டு கொடுக்கத் தொடங்கினார். எனக்கு முதலில் கொடுத்தார், தனி மரியாதையோடு. கண்ணை மூடி நெற்றியில் இட்டுக்கொண்டு, நம் வழக்கப்படி ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டேன். லேசாக ரொட்டிக்கடை வாசம் அடித்தது. மலேசிய விபூதி இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு ஊர் சாம்பார் மாறுகிறது, விபூதி மாறாதா?

முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா. எங்களுக்கெல்லாம் இது கிடைக்கணுமே" என்றார். பின்னாலேயே ஒரு குடும்பம் வந்து கும்பிட்டது. மெஷினைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, "எல்லாருடைய பாதுகாப்புக்கும்தானே" என்றேன். எங்கள் கம்பெனிச் சரித்திரத்தில் இவ்வளவு திருப்தியான வாடிக்கையாளர்களை நான் பார்த்ததில்லை.

கூட்டம் நெருக்கவே, எட்டாதவர்களுக்காக முனியாண்டி ஒரு கை அள்ளி, ஊதினாற்போல் எல்லார் தலைமேலும் விசிறினார்.

மணி அடித்தது. மஞ்சள் விளக்கு. போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். என்சிக் ரசாலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள், மெஷின் உள்ளே முனகியது, மஞ்சள் அணைந்தது, சிவப்பு எரிந்தது.

சிவப்பு! குதித்து எழுந்தேன். பொடியைத் தூவிவிட்டார்கள், மெஷின் பிடித்துவிட்டது. மேனேஜர் திரும்பிச் சவரிமுத்துவைப் பார்த்தார். பொடி தூவும் ரகசியப் பொறுப்பு அவருக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்ததாம். கையில் பாயச வாளியோடு நின்ற சவரிமுத்துவின் முகம் வெளுத்தது.

"நான் இன்னும் தூவலயே மேடம். பந்தி முடிஞ்சு செய்யலாம்னு இருந்தேன்."

தூவாத பொடிக்குச் சிவப்பு எரிந்தால் மெஷின் பொய் சத்தியம் செய்கிறது என்று அர்த்தம். மஞ்சளையாவது மன்னிப்பார்கள், சிவப்பை யார் மன்னிப்பார்கள்? மாடியில் லைட் அணைவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முதலாளியிடம் எந்த வாயால் சொல்வது?

"புட்டி எங்கே?" என்றார் மேனேஜர்.

நான் பார்த்தால் கண்டுகொள்வேன் என்று சவரிமுத்து லேபிளைக் கிழித்திருக்கிறார். பானை தூக்கும்போது சட்டைப்பையில் உறுத்தியதால் கோயில் படியோரம் வைத்திருக்கிறார். படியோரம் புட்டி இல்லை.

"அந்தச் சின்னப் புட்டியா?" என்றார் முனியாண்டி. தட்டு இன்னும் கையில் இருந்தது. "அது இந்த அம்மா ஊர்லேருந்து கொண்டாந்த பழனி விபூதி இல்லியா? சொல்லாமக் கொள்ளாம சாமிகிட்ட வச்சிட்டுப் போயிருக்காங்க, என்ன அடக்கம்னு நெனச்சேன். தட்டுல கலந்து, இந்த அம்மா கொண்டாந்ததுன்னு சொல்லியே எல்லாருக்கும் கொடுத்துட்டேனே."

உறுமிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பார்த்தேன். வாசல் நிறையச் சாம்பல் வெள்ளை நெற்றிகள். பினாங்கு நெற்றி, ஜொகூர் நெற்றி, காவடிக்காரர் நெற்றி, புஷ்பா நெற்றி. சவரிமுத்து நெற்றியிலும் ஒரு கீற்று இருந்தது. என் பார்வையைப் பார்த்து அவர், "சாம்பல் புதனுக்கு நாங்களும் பூசுறதுதானே மேடம்" என்றார். பொடியைக் காற்றில் பரப்ப முனியாண்டியின் அந்தக் கைவிசிறலை விட நல்ல வழி எந்தப் பயங்கரவாதிக்கும் தோன்றியிருக்காது.

இது வெறும் ஈஸ்ட், ஒன்றும் செய்யாது என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். "ஈஸ்டுன்னா அப்பம் செய்றதுதானே" என்று யாரோ சொல்ல, கூட்டம் பந்திக்கு நகர்ந்தது. அது பழனி விபூதி இல்லை என்பதில்தான் சிலருக்கு வருத்தம்.

என்சிக் ரசாலி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். நான் என் நெற்றியைத் தொட்டேன். விரலில் வெள்ளை.

"வாயிலுமா?" என்றார்.

தலையாட்டினேன். மலேசிய விபூதியின் ரொட்டிக்கடை வாசம் அப்போதுதான் புரிந்தது. இருபது வருடமாக வெள்ளைப் பொடியைக் கண்டால் ஓடுங்கள் என்று ஊர் ஊராகப் பாடம் எடுத்தவள், கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டியிருக்கிறேன்.

அன்று முதல் முறையாக அவர் சிரித்தார். "ஆக, இந்தத் தோட்டத்தில் தப்பித்தது நானும் உங்கள் மெஷினும் மட்டும்தான்" என்றார். "மெஷின் பிடித்துவிட்டது. சொன்ன சொல் மாற மாட்டேன், எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்புங்கள். கோயில் வாசலில் நிற்பது இங்கேயே இருக்கட்டும். ஒன்றே ஒன்று, அடுத்த தடவை பொடியைப் பச்சை நிறத்தில் கொண்டு வாருங்கள்."

புஷ்பா என்னை வேனில் ஏற்றினார். இந்த முறை கதவு முதல் இழுப்பிலேயே சாத்திக்கொண்டது.

போன வாரம் கோயம்புத்தூரில் முதல் பெட்டிகள் கிளம்பின. சோதனைப் பொடி இப்போது கிளிப்பச்சை. முதலாளி ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைத்தார், எலுமிச்சை மட்டும் வேண்டாம் என்று நான் பிடுங்கிக்கொண்டேன். கற்பூரம் காட்டிவிட்டு, தட்டை என்னிடம் நீட்டியபடியே, "ஏனுங்க அம்மிணி, அங்க சந்தை எப்படி இருக்கும்? ஜனங்க இனி உஷாரா இருப்பாங்களா?" என்று கேட்டார்.

வாயில் விபூதி இருந்ததால் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது.